ஒரு மணி நேரச் சைக்கிளும் ஒரு ஹார்மோனும்

உடற்பயிற்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தசை. அடுத்து இதயம், நுரையீரல். விலா எலும்புகளின் மறைவில் வலப்புறம் ஒதுங்கிக் கிடக்கும் கல்லீரலை யாரும் நினைப்பதில்லை. ஆனால் நாம் ஓடும்போது அதுவும் உழைக்கிறது. கல்லீரலே சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார் 1848-ல் கண்டார். அதன் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனை 1857-ல் பிரித்தெடுத்தும் காட்டினார். ஓய்வாக இருப்பவரின் கல்லீரல், உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்திற்குச் சுமார் 2 மில்லிகிராம் குளுக்கோஸை வெளிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது மணிக்கு ஏறத்தாழ 7 கிராம். கடும் பயிற்சியின்போது இந்த அளவு பல மடங்கு பெருகும்.

இவ்வளவும் பாடநூல் செய்தி. கல்லீரல் தானும் ஹார்மோன்களைச் சுரந்து மற்ற உறுப்புகளுக்குச் சேதி அனுப்புகிறது என்பது பிற்காலத்து அறிவு. அவற்றுள் இன்று மிகுதியாகப் பேசப்படுவது எஃப்.ஜி.எஃப். 21 என்னும் புரதம். ஜப்பானில் கியோட்டோ ஆய்வாளர்கள் 2000-ல் இதை அடையாளம் கண்டனர். 2005-ல் நீரிழிவுள்ள எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது, இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன. அன்றுமுதல் இதன் பெயர் நல்ல ஹார்மோன்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது.

2018-ல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஆகஸ்ட் கிரோக் 1920-ல் நோபல் பரிசு பெற்ற ஊர் அது. மனிதரைச் சைக்கிள் மிதிக்க வைத்து அளப்பது அங்கே பழைய பழக்கம். நலமுள்ள இளைஞர்கள் பத்துப் பேர். ஒரு நாள் ஒரு மணி நேரம் சைக்கிள், தங்கள் உச்ச ஆக்சிஜன் கொள்ளளவில் 70 சதவீத வேகத்தில். வேறொரு நாள் ஒரு மணி நேரம் எடைப்பயிற்சி. பயிற்சிக்கு முன்னும், முடிந்தபின் மூன்று மணி நேரம் வரையிலும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சைக்கிள் மிதித்த நாளில் எஃப்.ஜி.எஃப். 21 சராசரியாக மூன்று மடங்கு உயர்ந்தது. எடை தூக்கிய நாளில் அந்த உயர்வு இல்லை.

செய்தி பரவியபோது 'மூன்று மடங்கு' என்ற எண்ணே முன்னால் நின்றது. என் நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு இரும்பு எடைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'வேறுபட்ட விளைவுகள்' என்றுதான் சொல்கிறது. எது மேல், எது கீழ் என்ற பேச்சு அதில் இல்லை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். அதே பத்துப் பேரே இரு பயிற்சிகளையும் செய்தார்கள். எனவே ஆளுக்கு ஆள் உள்ள வேற்றுமை முடிவைக் குழப்பவில்லை. பயிற்சிக்குப் பின்னும் பலமுறை அளந்தது மற்றொரு சிறப்பு.

குறை எங்கே? ஒரு ஹார்மோன் உயர்ந்தால் நன்மை என்று நாமாகவே எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. உடல் பருத்தவர்களுக்கும், கல்லீரலில் கொழுப்புப் படிந்தவர்களுக்கும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதே எஃப்.ஜி.எஃப். 21 வழக்கத்தைவிட மிகுதியாகவே இருக்கிறது. மது அருந்தினாலும் உயர்கிறது. உயர்வே நலம் என்றால் சாராயத்தையும் மருந்துப் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும்! இந்தப் புரதத்தைப் போன்ற ஒரு மருந்தைப் பருமனும் நீரிழிவும் உள்ள மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்த முடிவு 2013-ல் வந்தது. இரத்தக் கொழுப்பு நன்றாகச் சீர்பட்டது. சர்க்கரையோ எலிகளில் குறைந்ததுபோல் குறையவில்லை.

அப்படியானால் சைக்கிள் மிதித்தவர்களிடம் அது ஏன் உயர்ந்தது? இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது. நீண்ட நேரம் மிதிக்கும்போது கணையம் இன்சுலினைக் குறைத்துக் குளுக்ககானைக் கூட்டுகிறது. கணையத்திலிருந்து புறப்படும் இரத்தம் உடல் முழுதும் சுற்றுவதற்கு முன் நேரே கல்லீரலுக்குள் நுழைவதால், இந்த மாற்றத்தை மிகக் கூர்மையாக உணர்வது கல்லீரலே. 'சர்க்கரையை வெளியே விடு' என்பதுதான் அந்தக் கட்டளை. 2018 ஆய்விலும் எஃப்.ஜி.எஃப். 21 குளுக்ககானோடு சேர்ந்தே ஏறியது.

இரண்டும் சேர்ந்து ஏறின என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்; கோபன்ஹேகனிலேயே அது நடந்திருக்கிறது. 2016-ல் வெளியான ஆய்வில், மருந்தின் மூலம் கணையத்தைக் கட்டுப்படுத்தி, பயிற்சியின்போது குளுக்ககான் கூடாமலும் இன்சுலின் குறையாமலும் பார்த்துக்கொண்டார்கள். எஃப்.ஜி.எஃப். 21-இன் உயர்வும் மங்கிப்போயிற்று. ஆகவே இந்த ஹார்மோன், கல்லீரலுக்குக் கணையம் இட்ட கட்டளையின் எதிரொலி என்று கொள்வது பொருந்தும். என் கருத்தில், 2018 ஆய்வைவிட இந்தப் பழைய ஆய்வே நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது. செய்தித்தாள்களுக்கு ஏற்ற எண் அதில் இல்லை, அவ்வளவே.

இதிலிருந்து இன்னொரு ஐயமும் எழுகிறது. இரு பயிற்சிகளுக்கும் நேரம் சமம்தான். உழைப்பு சமமா? சைக்கிளில் கால்கள் ஒரு மணி நேரமும் ஓயாமல் சுழல்கின்றன. எடைப்பயிற்சியில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே இளைப்பாறல் உண்டு. கல்லீரல் பதில் சொன்னது பயிற்சியின் வகைக்கா, அல்லது செலவான எரிபொருளின் அளவுக்கா என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது.

எடைப்பயிற்சியும் வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்நாளில் இரத்தத்தில் பித்த அமிலங்களும், அவற்றோடு தொடர்புடைய எஃப்.ஜி.எஃப். 19-உம் குறைந்தன. இந்த 19 சிறுகுடலில் பிறப்பது. 21-ஐயும் இதையும் சேர்த்துக் 'கல்லீரல் ஹார்மோன்கள்' என்று எழுதுவது பிழை. மேலும், இங்கிலாந்தில் நியூகாசில் ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. கல்லீரலில் கொழுப்புப் படிந்தவர்கள் எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். உடல் எடை குறையாமலே கல்லீரல் கொழுப்பு இருந்த அளவில் 13 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆயினும் நோயாளிக்கு வேண்டியது எதுவோ அதையே அளந்தார்கள்; மூன்று மணி நேர ஹார்மோன் ஏற்றத்தைவிட இது எடை மிகுந்த சான்று.

2012-ல் ஐரிசின் என்ற தசை ஹார்மோனுக்கும் இப்படித்தான் பெரும் வரவேற்பு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில், மனிதனிடம் அதை அளந்த சோதனைப் பொருள்களே நம்பத்தக்கவையா என்று விவாதம் மூண்டது. எஃப்.ஜி.எஃப். 21-க்கு அந்தச் சிக்கல் இல்லை. அது மனித இரத்தத்தில் உறுதியாக இருக்கிறது. அதன் உயர்வுக்கு என்ன பொருள் என்பதே கேள்வி.

அதற்கு விடை காண, கல்லீரல் கொழுப்பு உள்ள ஆண்களும் பெண்களும் வேண்டும். செலவாகும் ஆற்றலைச் சமப்படுத்திய இரு பயிற்சிகள் வேண்டும். பல மாதங்கள் வேண்டும். இறுதியில் ஹார்மோனை மட்டுமன்றிக் கல்லீரலின் கொழுப்பையும் அளந்து, இரண்டும் ஒரே திசையில் செல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நண்பரின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் எடைகளை அதுவரை அங்கேயே விட்டுவைக்கக் காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.