ரகரத்தில் ஒரு பாட்டு

தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சி ஒன்றை எதை வைத்து நல்லது என்று சொல்வது? பரிசுத் தொகையை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. நடத்துகிற நட்சத்திரத்தை வைத்துச் சொல்பவர்கள் இன்னும் அதிகம். கீரனூரில் நான் பழகும் ரசிகர்களின் அளவுகோல் வேறு. போட்டியாளர் வாய் திறப்பதற்குள் வீட்டில் இருப்பவர் வாய் திறந்துவிட்டாரா? திறந்திருந்தால் நல்ல நிகழ்ச்சி. கைதட்டுவதற்கு மட்டும் அவரை உட்காரவைத்தால், எத்தனை கோடி கொடுத்தாலும் அதில் சரக்கு இல்லை. எனக்கும் இதுதான் அளவுகோல்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’க்குத்தான். இலங்கை வானொலியில் வளர்ந்தவர் அவர். புதுக்கோட்டைப் பக்கம் டிரான்சிஸ்டரைத் திருகினால் கொழும்பு நிலையம் கணீரென்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதனால் 1990களில் சன் டிவியில் அவர் வந்து நின்றபோது எங்கள் பெரியவர்களுக்கு அவர் புது ஆளாகத் தெரியவில்லை. பழகிய குரலுக்கு முகம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சிதான் அவர்களுக்கு.

விதி எளிது. ஓர் எழுத்து கொடுப்பார்கள்; அதில் தொடங்கும் திரைப்பாட்டின் பல்லவியைக் குறித்த நேரத்துக்குள் பாட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் இந்த எளிமைக்குள் தமிழின் எழுத்திலக்கணமே உட்கார்ந்திருக்கிறது. ஜீ டிவியில் 1993-இல் தொடங்கிப் புகழ்பெற்ற இந்தி அந்தாக்ஷரியில், ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்குவார். தமிழில் அதை அப்படியே ஆடினால் இரண்டு பாட்டிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். நம் வரிகளில் பாதி ‘ன்’, ‘ள்’ என்று முடிகின்றன. னகரத்திலோ ளகரத்திலோ எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்குவதில்லை. ஆகவே நடத்துபவர் எழுத்தைத் தேர்ந்து கொடுப்பதே இங்கே சரி. அந்தத் தேர்வில்தான் ஆட்டத்தின் சூடு இருக்கிறது. ககரமோ மகரமோ வந்தால் தெருவே பாடும். ரகரமோ சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். ராஜா, ரோஜா, ராத்திரி என்று வெளியிலிருந்து வந்து சேர்ந்த சொற்களின் தயவில்தான் பாட்டு கிடைக்கும்.

எங்கள் தெருவில் ஓர் அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இதைப் பார்ப்பார். ககரத்துக்கெல்லாம் நிமிரவே மாட்டார். ரகரம் வந்தால் கை முறத்திலேயே நின்றுவிடும், உதடு மட்டும் அசையும். தனக்குப் பாட்டு வந்து, திரையில் இருப்பவருக்கு வராமல் நேரம் முடிந்துவிட்டால், “போச்சா? நான் அப்பவே பாடிட்டேன்” என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். அவருக்கு எந்தப் பரிசும் கிடையாது. அவரைவிட முழுமையாக அந்த நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர் யாரும் இல்லை என்பேன்.

பாட்டைத் தேடும் அந்தச் சில நொடிகளைக் காத்துக்கொடுத்ததுதான் அப்துல் ஹமீதின் திறமை. போட்டியாளர் தேடித் தவிக்கும்போது அவர் வேடிக்கைப் பேச்சால் இடைவெளியை அடைக்கவில்லை. எழுத்தைச் சொல்லும் உச்சரிப்பிலும் துளி ஐயம் இருக்காது. நடுவரின் நாக்கு சுத்தமாக இருந்தால் பாதிச் சண்டை இல்லை.

அடுத்து கோடீஸ்வரன். பிரிட்டனில் 1998-இல் பிறந்த ஆட்டம் இது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் வழியாக இந்திக்கு வந்து, அதே ஆண்டிலேயே சரத்குமார் வழியாகத் தமிழுக்கும் வந்துவிட்டது. இதைப் பொது அறிவுப் போட்டி என்று சொல்வது குறைத்துச் சொல்வது. நான்கு விடைகளைக் கண்முன் வைத்ததால், விடை தெரியாதவரும் ஆட முடிந்தது. அதைவிடப் பெரிய நுணுக்கம், கேள்வியைப் பார்த்த பிறகும் எழுந்து போகலாம் என்பது. அன்றைய இந்தி நிகழ்ச்சியின் கணக்கைப் பாருங்கள்: 12 கேள்வி முடித்தவர் கையில் 12,50,000 ரூபாய். பதின்மூன்றாவதில் தவறினால் 3,20,000-க்கு இறங்க வேண்டும், சரியென்றால் 25 லட்சம். இந்த இடத்தில் கேள்வி எதைப் பற்றியது என்பதே மறந்துபோகும். “போதும்ப்பா, வாங்கிக்கிட்டுக் கிளம்பு” என்று ஒரு பக்கம், “இன்னும் ஒண்ணு ஆடுறா” என்று ஒரு பக்கம், வீடே இரண்டாகப் பிரியும்.

விஜய் டிவியில் 2012-இல் சூர்யாவும் பின்னர் பிரகாஷ் ராஜும் அரவிந்த் சாமியும் இதையே நடத்தினார்கள். பெண்கள் மட்டும் பங்கேற்ற கலர்ஸ் தமிழின் ‘கோடீஸ்வரி’யை ராதிகா நடத்தினார். அதில் 2020 ஜனவரியில் காது கேளாத, வாய் பேச இயலாத பெண் ஒருவர் ஒரு கோடி வென்றார். ஆட்டத்தின் விதி திடமாக இருந்தால் யாரையும் அது சமமாக நடத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

‘டீலா நோ டீலா’வைப் பலர் வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். தொகைகள் ஒளிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்க, மீதிக்கு வங்கிக்காரர் விலை பேசும் ஆட்டம் அது. மிஞ்சியிருப்பவை இரண்டு பெட்டிகள், ஒன்றில் ஒரு ரூபாய், மற்றதில் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்காரர் நான்கு லட்சம் தருகிறேன் என்கிறார். சராசரிக் கணக்கு ஐந்து லட்சம் என்கிறது. ஆனால் வீட்டுக் கடன் கட்டுகிறவருக்குச் சராசரியால் என்ன பயன்? நெதர்லாந்தில் உருவான இந்த ஆட்டத்தை, பின்னாளில் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2008-இல் கட்டுரையே வெளியிட்டார்கள். பெரிய தொகைகளை வரிசையாக இழந்தவர் பயந்து ஒதுங்குவதில்லை, இன்னும் துணிந்து ஆடுகிறார் என்று கண்டார்கள். சீட்டாட்டம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஜி.எஸ். பிரதீப்பின் ‘கிராண்ட் மாஸ்டர்’ எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. போட்டியாளர் ஒரு பிரபலத்தை மனத்தில் நினைத்துக்கொள்ள, நடத்துபவர் கேள்வி கேட்டுக் கேட்டே ஆளைப் பிடிப்பார். ஆணா பெண்ணா, இருக்கிறாரா இறந்துவிட்டாரா, எந்த நாடு, எந்தத் துறை என்று ஒவ்வொரு கேள்வியும் உலகத்தைச் சுருக்கிக்கொண்டே போகும். கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போகும் கல்லூரிப் பிள்ளைகள் இதை ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அரங்கமும் விளக்கும் இல்லாமல் பேருந்துக்குள் ஏற முடிகிற ஆட்டம் உயர்ந்த ஆட்டம்.

இன்றைய நிகழ்ச்சிகளில் பலவற்றில் நட்சத்திரங்களே ஆடி நட்சத்திரங்களே சிரிக்கிறார்கள். கேள்விக்கும் விடைக்கும் நடுவே பின்னணி இசையும் கேலியும் புகுந்துகொள்கின்றன; நாம் யோசிக்க ஒரு நொடி விடுவதில்லை. பழைய நிகழ்ச்சிகளாவது முழுதாகக் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம். என் கண்ணில் படுபவை துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன, ‘பாட்டுக்குப் பாட்டு’த் துண்டுகளிலும் பாடுபவர் யோசிக்கும் இடங்களை வெட்டிப் பாட்டை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும். வெட்டிய இடங்கள்தான் எனக்கு வேண்டும்.