வேதாளம் கேட்காத கேள்வி

அந்தி சாய்ந்த பிறகு தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றால் அமுச்சி சத்தம் போடுவாள். "உள்ள வா அம்மிணி, கண்டது புடிச்சுக்கும்." தாராபுரம் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை. மூலனூர் முருங்கைக்குச் சந்தையில் தனிப் பெயரே உண்டு. ஆனாலும் வாசலுக்கு நேராக அதை வைக்கப் பெரியவர்கள் விடமாட்டார்கள். முருங்கையில் வேதாளம் குடியிருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி.

அந்த வேதாளத்தை நான் முதலில் பார்த்தது அம்புலிமாமாவில். உருவிய வாளுடன் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன், அவன் தோளில் ஓர் உடல். அதன் நீண்ட முடியைப் பார்த்து வேதாளம் ஒரு பெண் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தலைவிரிகோலத்துக்காகத் திட்டு வாங்குகிறவர்கள் நாங்கள் இருவரும்தானே. அதை வரைந்த ஓவியர் சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன் (1924–2020), எங்களுக்குப் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்தவர் என்று பிற்பாடு அறிந்தேன். அம்புலிமாமா குழுமத்தில் 1952இல் சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்தவர். மறைவுக்குப் பின் 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வடமொழிக் கதையில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழுக்கு வந்ததும் அது முருங்கைக்குக் குடிமாறிவிட்டது. ஆகவே இதை எங்கள் ஊர்ப் பேயாக எண்ணிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

இந்த உலகத்தின் சட்டதிட்டங்கள் எளியவை. அரசன் வாய் திறக்காமல் பிணத்தைச் சுமந்து வர வேண்டும். வழிநடை அலுக்காமலிருக்க வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அவன் தலை வெடித்துச் சிதறும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் திரும்பவும் மரமேறிவிடும். நாடாளும் அரசனை ஒரு பிணம் இரவெல்லாம் அலைக்கழிக்கிறது என்பதில் உள்ள வேடிக்கை சின்னப் பிள்ளைக்கும் புரியும். பயமுறுத்த வேண்டிய பேய் விடுகதை போடுகிறது, வாள் வைத்திருப்பவன் பரீட்சை எழுதுகிறான். கடைசியில் ஆபத்தும் பிணத்திடமிருந்து வருவதில்லை. நாள்தோறும் பழத்துக்குள் ரத்தினம் வைத்து அரசனுக்குக் கொடுத்துவந்த துறவிதான் அவனைப் பலியிடக் காத்திருக்கிறான். எச்சரித்துக் காப்பாற்றுவது வேதாளம். யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இது நல்ல கதைதான்.

நான் சிறுவயதில் படித்தவற்றில் பெரும்பாலானவை இதழுக்காகப் புதிதாக எழுதப்பட்டவை. மூலக் கதைகள் 25ஐயும் முதுகலை படிக்கும்போதுதான் முழுதாக வாசித்தேன். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர், அரசி சூரியமதியின் பொழுதுபோக்குக்காகத் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அவை இருக்கின்றன. கேட்டவள் ஒரு பெண். கதைகளைப் படித்துக்கொண்டு போகையில் எனக்கு அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஒரு கதையில் மூன்று பேர் விரும்பிய பெண் காய்ச்சலில் இறந்துபோகிறாள். ஒருவன் அவள் சாம்பலின் மேலேயே படுத்துக் கிடக்கிறான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான். மூன்றாமவன் மந்திரம் கற்றுவந்து அவளை உயிர்ப்பிக்கிறான். அவள் யாருக்கு மனைவி? உயிர் கொடுத்தவன் தகப்பன், எலும்பு சுமந்தவன் மகன், சாம்பலில் படுத்தவனே கணவன் என்கிறான் அரசன். சாம்பலிலிருந்து எழுந்து வந்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

இன்னொன்று மதனசுந்தரியின் கதை. கணவனும் அண்ணனும் தேவி கோயிலில் ஒருவர் பின் ஒருவராகத் தலையை வெட்டிக்கொள்கிறார்கள். தேவி வரம் தருகிறாள். அவசரத்தில் அவள் தலைகளை உடல் மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் கணவன்? உறுப்புகளில் தலையே தலையாயது, கணவனின் தலை இருப்பவனே கணவன் என்று தீர்ப்பாகிறது. இந்தக் கதையைத் தாமஸ் மான் 1940இல் குறுநாவலாக்கினார். அண்ணனுக்குப் பதில் நண்பன் வந்தான். அதன் வழியே கிரீஷ் கார்னாட் 1971இல் 'ஹயவதன' நாடகத்துக்குக் கொண்டுவந்தபோது தலை மாறியது பிழையா, அவளுடைய ஆசையா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. ஒரு பெண்ணுக்கு ஆசை இருந்திருக்கலாம் என்று கதை ஒத்துக்கொள்ள இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இந்த உலகத்தில் மாறாதது எதுவுமில்லை. செத்தவர் எழுவார், தலை உடல் மாறும், பிணம் பேசும். அந்த மாற்றங்களில்தான் சிரிப்பும் இருக்கிறது. ஆனால் "அவள் யாருக்குச் சொந்தம்?" என்ற கேள்வியின் வடிவம் மட்டும் மாறுவதில்லை. அரசனையே கேலி செய்யத் துணிந்த வேதாளமும் கேள்வியை அவள் பக்கம் திருப்பவில்லை. என் வாசிப்பில் இந்தக் கதைகளின் எல்லை அதுதான். கற்பனை இங்கே உடலை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடும், உரிமையைத் தொடாது.

அரசன் பதில் தெரியாமல் நிற்பது ஒரே ஒரு கதையில். காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்த்த ஒரு தகப்பனும் மகனும், பெரிய பாதத்துக்காரியை அப்பாவும் சிறிய பாதத்துக்காரியை மகனும் மணப்பதென்று பேசிவைத்துக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சிறியது தாயுடையது. சொன்ன சொல் தவறாமல் அப்படியே கட்டிக்கொள்கிறார்கள். இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமாதித்தன் வாயை மூடிக்கொண்டு நடக்கிறான்.

இதை என் வகுப்பில் சொன்னேன். பெண் பார்க்கும்போது "என்ன கூட்டம்?" என்று முதலில் விசாரிக்கிற ஊர் இது. இரண்டும் பையன்கள் என்று வைத்துக்கொண்டு பிள்ளைகள் கரும்பலகையில் கோடு போட்டார்கள். "இவன் அவனை மாமான்னு கூப்புடோணும், அவன் இவனைச் சித்தப்பான்னு கூப்புடோணுங் மேம்!" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் மாமனாகவும் பங்காளியாகவும் இருக்கிறான். பாதத்தை அளந்து பெண்ணைப் பங்கு போட்டதில் ஓர் அளவு பிசகியதும் முறை என்கிற மொத்தக் கணக்கும் குப்புற விழுந்துவிட்டது.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "அந்த ரெண்டு பேர்த்துக்கும் சம்மதமான்னு ஏனுங் மேம் யாருமே கேக்கல?" அவள் வீட்டில் அப்போது அவளை மாமன் மகனுக்குக் கொடுப்பதா, வெளியில் வந்த வரனுக்குக் கொடுப்பதா என்று இரு தரப்புக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வகுப்பு முடிந்து தனியாக வந்து சொன்னாள். "எங்கட்டக் கேட்டா படிக்கோணும்னு சொல்லுவேனுங் மேம். கேட்டாத்தானே."

அன்றிரவு வேதாளத்தின் நிபந்தனையை வேறு விதமாக யோசித்தேன். தெரிந்தும் சொல்லாதிருந்தால் தலை வெடிக்கும் என்பது அரசனுக்கான விதி. எங்கள் வீடுகளில் வளர்ந்த பெண்களுக்கு இது தலைகீழ். தெரிந்ததைச் சொன்னால்தான் ஆபத்து. அதனால் தெரியாதவள் போலிருக்கப் பழகுகிறோம். அமுச்சிக்கு எவ்வளவோ தெரிந்திருந்தது, கேட்டவர் இல்லை. அந்த விதியை மட்டும் அரசனிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. தெரிந்தால் சொல்லியாக வேண்டும், வேதாளம் மரமேறினால் ஏறட்டும், மறுபடி நடந்துபோய் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் மதனசுந்தரியின் கதையை அவளே சொல்வதுபோல் எழுதிவரச் சொன்னேன். பாதிப் பேர் தலையைச் சரியாக ஒட்டினார்கள். ஒருத்தி வேண்டுமென்றே மாற்றி ஒட்டினாள். வீட்டில் வாக்குவாதம் நடக்கும் அந்த மாணவியின் தாளில் மதனசுந்தரி அவசரப்படவே இல்லை. முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறாள். பிறகு கோயில் திண்ணையில் உட்கார்ந்து, தேவியைப் பார்த்து, "இருங்க, நான் கொஞ்சம் யோசிச்சுக்கறேன்" என்கிறாள்.

அதற்கு மேல் அவள் எழுதவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.