கவராயம் எடுக்காத கலைக் கல்வி

நமது சஞ்சிகைகளில் 'இஸ்லாமியக் கலை' பற்றி வருடத்துக்கு ஒரு கட்டுரையாவது வந்துவிடுகிறது. அல்ஹம்ரா, கொர்தோவா, தாஜ்மஹால் என்று கட்டடங்கள் வரிசையாக வரும். கேத்திரகணித வடிவங்களில் முஸ்லிம்கள் உச்சம் தொட்டார்கள் என்று ஒரு பந்தி இருக்கும். கடைசியில், இன்றைய தலைமுறை இதை அறியவில்லையே என்ற கவலை. கம்பஸில் படித்த காலத்தில் நானும் அப்படியொன்று எழுதியிருக்கிறேன். எழுதிய அன்று எனக்கு ஓர் எட்டுமுனை நட்சத்திரத்தை ஒழுங்காகக் கீறத் தெரியாது. அதைப் பாராட்டியவர்களிலும் கீறத் தெரிந்தவர் எவராவது இருந்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இது ஒரு குறை என்று எனக்குப் பட்டது மிகவும் பிந்தித்தான். நான் தமிழ் படிப்பிக்கிறவன். சித்திர ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போக, தரம் 8 இன் சித்திரப் பாடவேளைகள் என் நேரசூசியில் ஏறின. முதலாம் தவணை முழுக்க அவற்றில் பாதியைத் தமிழ் இலக்கணத்துக்கு எடுத்துக்கொண்டேன். மீதியில் குறிப்புச் சொன்னேன், பிள்ளைகள் எழுதினார்கள். நிறப்பெட்டிகள் புத்தகப்பையில் வந்து அப்படியே திரும்பிப் போயின. "சேர், எப்ப சேர் கீறுற?" என்று ஒரு பையன் கேட்டபோது, "முதல்ல பாடத்த முடிப்பம்" என்றேன். அந்தப் பாடத்தில் கீறுவது தவிர வேறென்ன இருக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை.

சித்திரம் என்றதும் நமது சமூகத்தில் பேச்சு உடனே உருவத்துக்குத் தாவிவிடும். "புள்ளைக்கு உருவம் கீறக் குடுக்காதீங்க சேர்" என்று ஒரு வாப்பா வந்து சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருடைய பேணுதலை நான் மதிக்கிறேன். (சீகிரியா ஓவியத்தைப் பாடப்புத்தகத்தில் பார்ப்பதால் ஒருவரின் ஈமான் குறைந்துவிடும் என்று மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.) ஆனால் நான் அவரிடம் கேட்க நினைத்தது வேறொன்று. உருவத்தை விட்டுவிடுவோம், ஆகுமான மற்றதையெல்லாம் நாம் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்துவிட்டோமா? உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. தன் கைத்தொழில்தான் தனக்குச் சீவியம் என்று சொன்னவருக்கு அவர்கள் எச்சரிக்கையைச் சொன்னார்கள். கூடவே மரங்களையும் உயிரில்லாதவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். அந்த மனிதருடைய கையை அவர்கள் கட்டிப்போடவில்லை. நாமோ முதற் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதிக்கு வேண்டிய கவராயத்தையும் தூரிகையையும் வாங்காமல் விட்டுவிட்டோம்.

மீலாத் விழா மேடைகளில் தொங்கும் எழுத்தணியையும் பாருங்கள். பனர் கடையில் கணினியிலிருந்து இறக்கி அச்சடித்தது. நாணல் பேனையைச் சரித்து வெட்டி வைத்து அழுத்தினால் விழுகிற புள்ளிதான் ஒவ்வோர் எழுத்தின் உயரத்துக்கும் அளவு. இது ஒரு பாடவேளைக்குள் காட்டக்கூடிய விஷயம். நாம் காட்டுவதில்லை.

என்னைத் திருப்பியது அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி பற்றி வாசித்த ஒரு செய்தி. குராசானின் பூஸ்ஜானில் 940 இல் பிறந்து பக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அவர். நட்சத்திரங்களின் கணக்கைப் பார்த்த அதே மனிதர், கைவினைஞருக்குத் தேவையான கேத்திரகணித அமைப்புகள் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். கைவினைஞரும் கணித அறிஞரும் ஒன்றாக இருந்து பேசிய கூட்டங்கள் பற்றி அதில் வருகிறது. அங்கு எழுந்த கேள்விகளில் ஒன்று, சம அளவான 3 சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாகப் பொருத்துவது எப்படி என்பது. இதில் இரு சாராரும் தவறினார்கள் என்கிறார் அவர். கணிதக்காரருக்குக் கைப்பழக்கம் போதாது, கைவினைஞருக்கு நிறுவல் தெரியாது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய இந்தக் கண்டனத்தின் முதற் பாதி எனக்கு நேரே சொன்னதுபோல் இருந்தது.

அடுத்த கிழமை வகுப்புக்கு மூன்று நிறத் தாள்கள் கொண்டுபோனேன். ஆளுக்கு மூன்று சதுரம். ஒன்றை முழுதாக நடுவில் வைக்க வேண்டும். மற்ற இரண்டையும் மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றின் நீண்ட பக்கத்தை நடுச்சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தோடும் சேர்த்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரே திசையில், காற்றாடி மாதிரி வைக்க வேண்டும். பிறகு முக்கோணங்களின் செங்கோண முனைகள் நான்கையும் கோடுகளால் இணைத்து, கோட்டுக்கு வெளியே துருத்துவதை வெட்டினால், அந்தச் சிறு துண்டுகள் உள்ளே கிடக்கும் இடைவெளிகளில் அச்சொட்டாகப் போய்க் குந்தும். இதை நான் கரும்பலகையில் விளக்கியபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அரைகுறைதான். வெட்டத் தொடங்கிய பிறகுதான் வகுப்பில் சத்தம் எழுந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சதுரத்தை முதலில் முடித்தவள் பின்வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை. கணிதத்தில் பின்னடைவு, தமிழில் என் கையாலேயே குறைந்த புள்ளி. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "பாயில மூல திருப்புற மாதிரித்தான் சேர்" என்றாள். அவளுடைய மூத்தம்மா பன்பாய் இழைக்கிறவர்.

மருதமுனையின் கைத்தறியும் நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பன்பாயும் நமது கிழக்கின் பெருமை என்று மேடையில் பேசுகிறோம். அந்த மூத்தம்மாவை வகுப்புக்கு அழைத்தபோது அதிபர் தயங்கினார். "என்னத்தில பதியிற, வளவாளர் எண்டா?" என்று கேட்டார். மூத்தம்மா வந்தார், கதிரையை மறுத்தார். "கதிரையில இருந்து பாய் இழைக்க ஏலாது தம்பி" என்று நிலத்தில் இருந்தார். சாயம் போட்ட பன்னைப் பரப்பி, மூலையிலிருந்து தொடங்கினார். ரெண்டு எடுத்து ஒண்டு விடு, அடுத்த வரியில ஒண்டு தள்ளு, பூ தானா வரும். குனிந்து பார்த்துப் பார்த்துத் தடுமாறிய ஒரு பையனிடம், "கண்ணால எண்ணாத மனெ, விரலால எண்ணு" என்றார். முந்திய கிழமை கவராயத்தால் நாங்கள் கீறிய அறுகோணிக்கும் அவர் விரலில் ஓடிய எண்ணிக்கைக்கும் உறவு இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றைத் தள்ளி வைத்துத் திருப்பிச் செய்வதுதான் இரண்டிலும் நடக்கிறது. 12 வயதுப் பிள்ளைகளும் 70 தாண்டிய மூத்தம்மாவும் நானும் அன்று ஒரே வகுப்பு மாணவர்கள்.

ஆனந்த குமாரசுவாமி 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' பற்றி எழுதியபோது கண்டிக் கைவினைஞரின் வேலைகளோடு நிற்கவில்லை. அவர்கள் எப்படிப் பயின்றார்கள் என்பதையும் பதிந்து வைத்தார். பாய் இழைக்கும் நமது பெண்களிடம் போய் அப்படி இருந்து எழுதுகிற வேலை நமது ஆய்வாளர்களுக்காகக் காத்துக் கிடக்கிறது. அல்ஹம்ராவைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதுவதைவிட இது அவசரம், ஏனென்றால் அல்ஹம்ரா எங்கும் போய்விடாது.

தவணைப் பரீட்சை வந்தது. வினாத்தாள் வெளியிலிருந்து வருவது. ஓவியர் பெயர், இடம், காலம், பொருத்துக. கவராயமோ கத்தரிக்கோலோ தேவைப்பட்ட வினா ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு 31 புள்ளி. திருத்தியதும் நான்தான். அவள் உம்மா புள்ளித்தாளைப் பார்த்துவிட்டு, தரம் 10 இல் சித்திரத்தை விட்டு வேறொரு பாடம் எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டார். அவசரப்பட வேண்டாம் என்றேன். வேறு என்ன காரணம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளில் எழுதியிருந்தது 31 தானே.

மூத்தம்மா தொடங்கிவைத்த பாயின் மூலை வகுப்பு அலுமாரியில் இருக்கிறது. பிள்ளைகள் இடைவேளையில் எடுத்து இரண்டு சாண் வரை கொண்டு வந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வரி பிழைத்திருக்கிறது. அதைப் பிரிப்பதா, அப்படியே விடுவதா என்று அவர்களுக்குள் சண்டை. அவரிடமே கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.