யாவன்னாவும் மரங்காவலரும்

ஆங்கிலப் பேராசிரியர் ரொல்கீன் படைத்த தேவியருள் யாவன்னா மரஞ்செடி கொடிகளுக்குத் தாய் போன்றவள். அவர் மறைந்தபின் 1977 இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ அவளுக்குக் கோயிலோ பூசையோ வகுக்கவில்லை. கொல்லுத் தொழிற்குரிய அவள் கணவன் ஔலே படைத்த குள்ளர் மரங்களை வெட்டுவரென அஞ்சி அவள் முறையிடுகின்றாள். ‘எந்து’ என்னும் மரங்காவலர் வரமாகக் கிடைக்கின்றனர். கோடரியோ ஒழிந்திலது; குள்ளர்க்கு மரம் வேண்டுமன்றோ என்கின்றான் ஔலே. வரத்தை இவ்வாறு குறைபட நிறுத்தியமையே ஆசிரியரின் திறன்.

1954–55 இல் வெளிவந்த பெருங்கதையாகிய ‘மோதிரங்களின் தலைவ’னில், சாருமன் தன் உலைகளுக்காகக் காட்டை அழித்தபோது எந்துகள் திரண்டெழுந்து ஐசன்காட்டின் மதில்களைத் தகர்க்கின்றனர். தேவியின் அடியார் எவரெனின் இவர்களையே சுட்டல் வேண்டும். மந்திரமும் மலருமில்லாத இவர்தம் பத்தி காவலாகவே நிகழ்கின்றது. பெண்டிர் காணாமற்போகக் குலந்தேயும் அவர்கள்முன் தேவி தோன்றி ஆறுதல் கூறுமாறு ஆசிரியர் அமைத்திலர்.