ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுச்சே: ஜிம் கிரேயை மறுபடி படித்தபோது

டேண்டம் கம்ப்யூட்டர்ஸில் இருந்த ஜிம் கிரே 1985இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை எழுதினார். கணினிகள் ஏன் நின்றுபோகின்றன, அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் தலைப்பு, அதேதான் விஷயமும். சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் இன்றும் படிக்க வேண்டிய எழுத்து. ஆனால் அதிலிருந்து நாம் பிடித்துக்கொண்ட ஒரு சொல் நிறைய கெடுதல் பண்ணியிருக்கு என்பது என் கட்சி.

அந்தச் சொல் ஹைசன்பக். எப்போது ஓட்டினாலும் அதே இடத்தில் விழும் பிழையை, நீல்ஸ் போரின் அணு மாதிரி கெட்டியானது என்று போர்-பக் என்கிறார் கிரே. தேடப்போனால் மறைவது, மறுபடி ஓட்டினால் வராதது, ஹைசன்பக். ஒரு பிரிண்ட் ஸ்பூலரின் பிழைப் பதிவுகளை வைத்து, 132 மென்பொருள் கோளாறுகளில் ஒன்றுதான் போர்-பக் என்று காட்டுகிறார்.

எப்படிப் பிரித்தார் என்று பாருங்கள். ஒரு ப்ராசஸ் விழுந்ததும் அதன் ஜோடி அதே வேலையை எடுத்துச் செய்யும். ஜோடியும் விழுந்தால் போர்-பக், பிழைத்தால் ஹைசன்பக். அதாவது அளந்தது மறுமுயற்சியின் பலனை, காரணத்தை இல்லை. அந்த 131 எதனால் வந்தன என்பது இந்தக் கணக்குக்குள் வராது. கிரேயின் கேள்வி சேவை நிற்காமல் ஓடுவது பற்றி, அவருக்கு இது போதும். ஜோடி இல்லாத ஒற்றைப் பெட்டிக்காரர்களான நமக்குப் போதாது.

எங்கள் அலுவலக ஃபைல் சர்வர் கதை இது. டெபியன், இரண்டு டிஸ்க் ரெய்டு 1, என்எஃப்எஸ். சில திங்கட்கிழமை காலைகளில் யாருக்கும் ஃபைல் திறக்காது. என்எஃப்எஸ் ஹார்ட் மவுன்ட் என்பதால் எர்ரர்கூட வராது, எல்லா மெஷினும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். பிங் பண்ணினால் பதில் வரும். பவரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். லாகில் ஒன்றுமே இருக்காது. ரேம் மாற்றினோம். ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினோம், சுத்தம். "ஹைசன்பக்டா, விடு" என்று சொன்னவன் நான்தான்.

லாக் ஏன் காலி? எழுத வேண்டிய டிஸ்க்கே காணாமல் போயிருந்தது. இது உறைக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. பிங்குக்குப் பதில் சொல்ல கெர்னலுக்கு டிஸ்க் தேவையில்லை, அதனால் அந்தப் பதில் எதற்கும் சாட்சியில்லை. நெட்கன்சோல் போட்டு கெர்னல் செய்திகளை வேறொரு மெஷினுக்கு அனுப்பினேன். அடுத்த தடவை அங்கே எல்லாம் வரிசையாக இருந்தது: இரண்டு சாட்டா இணைப்புகளும் மாறி மாறி ரீசெட், அப்புறம் ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்று மாறியது.

நேரம்? மாதத்தின் முதல் ஞாயிறு, விடியற்காலை. அந்த டெபியனில் ரெய்டு சரிபார்ப்பு தானாக ஆரம்பிப்பது முதல் ஞாயிறு 00:57க்கு. "சரிபார்ப்பு தொடங்கியது" என்ற வரி பழைய லாகுகளிலும் கடைசிப் பக்கத்தில் இருக்கவே இருந்தது. வழக்கமான வரிதானே என்று தாண்டிப் போயிருக்கிறோம். சரிபார்ப்பில் இரண்டு டிஸ்க்கும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். இரண்டுக்கும் கரண்ட் போனது ஒரே ஸ்ப்ளிட்டர் கேபிள் வழியாக. கழற்றிப் பார்த்தேன், ஒரு பின் கருகியிருந்தது. நாள்காட்டி பார்த்து விழுகிற பிழைக்கு நான் வைத்த பெயர் ஹைசன்பக்!

இங்கே கிரேயின் பக்கம் நியாயம் நிறைய இருக்கு. புது வரவுகளின் ஆரம்பக் கோளாறுகளைக் கழித்த பிறகு அவர் கணக்கில் நிர்வாகம் 42 சதவீதம், மென்பொருள் 25, வன்பொருள் 18. எங்களுடையது பார்க்க வன்பொருள்தான். ஆனால் அந்த மலிவு ஸ்ப்ளிட்டரைச் செருகியது நாங்கள். அவர் வலியுறுத்தும் இன்னொன்று, ஒழுங்காக வேலை செய், இல்லாவிட்டால் உடனே நில் என்பது. எங்கள் பெட்டி இரண்டும் செய்யவில்லை, பிங்குக்குத் தலையாட்டிக்கொண்டே செத்துக் கிடந்தது.

ஸ்ப்ளிட்டரைத் தூக்கிவிட்டு டிஸ்க்குக்கு ஒன்றாகத் தனி இணைப்பு கொடுத்தாச்சு. நெட்கன்சோலை மட்டும் எடுக்கவில்லை.