உணவு வரிசையில் ஓர் இலக்கியம்

படகில் வந்து அடைக்கலம் கேட்போர் எவரும் இனித் தம் மண்ணில் குடியமர முடியாதென 2013 சூலையில் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. அதன்படி பப்புவா நியூகினியின் மானஸ் தீவில் அடைக்கப்பட்ட குர்திய இதழாளர் பெஹ்ரூஸ் பூச்சானி, கைப்பேசிக் குறுஞ்செய்திகளாகப் பாரசீகத்தில் எழுதி அனுப்பியவையே 2018-இல் ஆங்கில நூலாயின. ‘மலைகளன்றி நண்பரில்லை’ என்பது அதன் தலைப்பின் பொருள்.

நூலின் உயிர் உணவு வரிசையில் இருக்கிறது. நெடுநேரம் நிற்க வைக்கப்படுவோர் ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்குகின்றனர். எப்போதும் முதலில் நிற்பவனுக்கு ‘மாடு’ என்றே பெயர் விழுகிறது. அடி உதையினும் நுட்பமான கொடுமை இது. இவ்வமைப்பைச் சுட்ட மொழிபெயர்ப்பாளர் ஓமித் தோஃபிகியான் தேர்ந்த சொல் ‘கிரியார்க்கி’; கத்தோலிக்கப் பெண் இறையியலார் எலிசபெத் சூஸ்லர் ஃபியொரென்சா உருவாக்கியது. ‘கீரியே எலேய்சோன்’ என நாம் பாடும்போது ஒலிக்கும், ‘ஆண்டவர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்கும் வேர். இரக்கம் வேண்டி அழைக்கும் பெயரே இரங்காத ஆட்சிக்கும் பெயராயிற்று!

குறைகளும் உண்டு. காவலர் பெரும்பாலும் நிழலுருக்களே. கவித்துவம் சிலவிடங்களில் காட்சியை மூடிவிடுகிறது.

கடுமை காட்டாவிடில் இன்னும் பலர் கடலில் மூழ்குவர் என்றது அரசு. மூழ்கியோர் உண்டு, அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் வராதோரைத் தடுக்க வந்தோரை வதைப்பது கயபா போட்ட கணக்கன்றோ? பூச்சானி இதனை வாதிட்டு மறுக்கவில்லை. வரிசையை மட்டும் காட்டுகிறார்.

2019 சனவரியில் விக்டோரிய மாநிலத்தின் உயரிய இலக்கியப் பரிசு இந்நூலுக்கு வழங்கப்பட்டது. விழாவுக்கு வர ஆசிரியருக்கு வழியில்லை. அன்றும் அவர் மானசில்தான் இருந்தார்.