மாலை விழாத கழுத்துகள்

நகிஸா ஒஷிமாவின் 'இளமையின் குரூரக் கதை' (1960) படத்தைக் கீழப்பழுவூரில் என் வீட்டுக் கூடத்தில் வைத்து மூன்று பேர் பார்த்தோம். நண்பர் ஒருவர் பென்டிரைவில் தந்தது. சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓட, நான் இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டியிருந்தது. உடனிருந்தவர்களில் ஒருவன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். இன்னொருவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு மூன்று வருடமாக வேலை 'பார்த்துக்கொண்டிருக்கிறவன்', அதாவது தேடிக்கொண்டிருக்கிறவன். படம் முடிந்ததும் லாரிக்காரத் தம்பி கேட்டான்: "இவன் யாருக்குமே நல்லவனா இல்லையேண்ணே. அப்பறம் எதுக்குண்ணே இவனப் பத்திப் படம் எடுத்தாங்க?"

அன்றிரவு என்னிடம் பதில் இல்லை. 'யதார்த்தம்', 'புதிய அலை' என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வியைப் புரட்டிப் போட்டால், அதுவே தமிழ்த் திரைப்பிரதிகள் மீதான கேள்வியாக மாறுகிறது. நம் படங்களில் கலகம் செய்கிற இளைஞன் ஏன் எப்போதும் யாருக்காவது நல்லவனாக இருந்தே தீரவேண்டியிருக்கிறது? அம்மாவுக்கு, தங்கைக்கு, தெருவுக்கு, இனத்துக்கு. கடைசியில் படம் பார்க்க வந்தவனுக்கு.

முதலில் ஜப்பான் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோற்ற நாடு, அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952 வரை நீடித்தது. 1955இல் ஷிண்டாரோ இஷிஹாரா என்கிற கல்லூரி மாணவர் 'சூரியப் பருவம்' எழுதி அகுதகவா பரிசு வாங்குகிறார். மறுவருடமே அது படமாகிறது. அதே 1956இல் கோ நகஹிராவின் 'வெறிபிடித்த கனி'. கடற்கரை, மோட்டார் படகு, காசுள்ள வீட்டுப் பையன்கள், பொறுப்பு என்ற சொல்லே காதில் விழாத காமம். பத்திரிகைகள் இவர்களுக்குச் 'சூரியக் குலம்' என்று பெயர் சூட்டின. பெரியவர்கள் கொதித்துப் போனார்கள். இந்த இஷிஹாராதான் பிற்பாடு வலதுசாரித் தேசியவாதியாகி 1999 முதல் 2012 வரை டோக்கியோ கவர்னராக உட்கார்ந்தவர். அந்தக் கலகத்தின் சரக்கு எவ்வளவு என்பதை இதிலிருந்து எடைபோட்டுக்கொள்ளலாம்.

ஒஷிமா இதே இஷிஹாராவின் வயதுக்காரர். இருவரும் 1932இல் பிறந்தவர்கள். ஆனால் இவர் கியோட்டோ பல்கலைக்கழக மாணவர் இயக்கத்தில் அடிபட்டு வந்தவர். சூரியக் குலப் படங்களின் சந்தையை நம்பி ஷோசிகு நிறுவனம் இவருக்கு வாய்ப்பளிக்கிறது. இவர் அந்தச் சரக்குக்குள் வேறொன்றை வைத்து அனுப்புகிறார். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் தெருவில் நின்ற மாதங்கள் அவை. 1960 ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வாசலில் மிச்சிகோ கன்பா என்ற 22 வயது மாணவி இறந்துபோகிறார். 'இளமையின் குரூரக் கதை' திரைக்கு வந்ததும் அதே ஜூனில்தான்.

ஆனால் அந்தப் படத்தின் நாயகன் ஊர்வலத்தில் இல்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கியோஷியும் மகோட்டோவும் ஊர்வலத்தை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள். அங்கே மிதக்கிற மரக்கட்டைகளுக்கு நடுவே அவன் அவளைத் தண்ணீரில் தள்ளுகிறான், பலவந்தப்படுத்துகிறான். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு 'தொழில்' கண்டுபிடிக்கிறார்கள். நடுத்தர வயதுக்காரர்களின் காரில் அவள் ஏறிக்கொள்வாள். அவன் பின்தொடர்ந்து வந்து மிரட்டிப் பணம் பறிப்பான். இவர்களைத் தூக்கி வைத்துக் கொண்டாட ஒரு காரணமும் படம் தருவதில்லை.

படத்தில் என்னைத் தூங்கவிடாத காட்சி ஒன்று உண்டு. கருக்கலைப்புக்குப் பின் மகோட்டோ மயக்கத்தில் கிடக்கிறாள். பக்கத்தில் இருட்டில் கியோஷி. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்காவும், அக்காவின் முன்னாள் காதலனான அந்த டாக்டரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் தோற்றுப்போன முந்தைய தலைமுறைப் போராளிகள். இலட்சியம் வைத்திருந்தோம், கனவு கண்டோம், உடைந்தோம் என்கிறது அவர்கள் பேச்சு. உங்கள் தோல்வி எங்களுக்கு வேண்டாம் என்கிறான் இவன். பிறகு ஆப்பிள் ஒன்றைக் கடித்துத் தின்ன ஆரம்பிக்கிறான். கேமரா நகர மறுக்கிறது. மெல்லுகிற சத்தம் மட்டும். அந்த ஆப்பிள் தீரும்வரை நாம் அவனோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது; அவனை மன்னிப்பதற்கோ தண்டிப்பதற்கோ வழி தராமல். தமிழ்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் வந்திருக்கும். அவன் அழுதிருப்பான், திருந்தியிருப்பான்.

நம் பக்கம் வருவோம். போருக்குப் பிந்தைய கோபக்கார இளைஞன் நமக்கும் உண்டு. அவனைப் பெற்றெடுத்ததும் ஜப்பானின் போர்தான். 'பராசக்தி' (1952) குணசேகரனை நினைத்துப் பாருங்கள். பர்மா மீது ஜப்பான் குண்டு வீசியதில் சிதறுகிற தமிழ்க் குடும்பம் அது. தங்கை கல்யாணத்துக்காக முன்னதாகக் கப்பலேறியவன் சென்னையில் சொத்தை இழந்து, பசித்து, பைத்தியக்காரனாக வேடம் போட்டு ஊரைக் கேள்வி கேட்கிறான். ரங்கூனிலிருந்து நடந்து வந்த அண்ணன் ஞானசேகரன் கால் இழந்து பிச்சைக்காரர்களின் தலைவனாகிறான். போர் அகதிகள் தமிழ்த் திரையில் இவ்வளவு கோபத்தோடு தெருவில் நின்றது அதற்கு முன் கிடையாது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம் எது? நீதிமன்றம். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இன்னொரு அண்ணன். அண்ணன்தான் அரசு, அரசுதான் அண்ணன். பிரிந்த குடும்பம் கூடுகிறது, திருமணம் நிச்சயமாகிறது, அநாதை இல்லம் திறக்கிறது. கலகத் தன்னிலை குடும்பத் தன்னிலைக்குள் பத்திரமாகத் திருப்பி அனுப்பப்படுகிறது. வசனத்தின் தீயில் நாம் இதைக் கவனிக்கத் தவறிவிட்டோம்.

வசனம் எழுதியவர் அடுத்த வருடமே (1953) டால்மியாபுரத்துக்குக் கல்லக்குடி என்று பெயர் வைக்கச் சொல்லித் தண்டவாளத்தில் படுத்தார். எங்கள் ஊரிலிருந்து திருச்சி போகிற சாலையில்தான் கல்லக்குடி. லாரிக்காரத் தம்பி அன்றாடம் அதைத் தாண்டித்தான் போகிறான். திரையில் பேசியவரும் தண்டவாளத்தில் படுத்தவரும் ஒருவரே ஆனபோது, தமிழ்க் கலக இளைஞனின் கதை அப்போதே ஒரு தலைவனின் வாழ்க்கை வரலாறாக மாறத் தொடங்கிவிட்டது. தொண்டனுக்கு என்ன மிச்சம் என்பதை 1964 சொல்லியது.

1964 ஜனவரி 25 விடியற்காலை. திருச்சி ரயில் நிலையத்தருகே இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார் எங்கள் ஊர்க்காரர், கீழப்பழுவூர் சின்னசாமி. வயது 27. அடுத்த ஆண்டு அதே நாளில் மாணவர் போராட்டம் வெடிக்கிறது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் சுட்டுக் கொல்லப்படுகிறார். பிப்ரவரியில் பொள்ளாச்சி.

இந்த வாரங்களில் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எது ஓடிக்கொண்டிருந்தது? பொங்கலுக்கு வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'. நிஜ மாணவன் துப்பாக்கிக்கு முன் நிற்கிறான். திரையில் 'பிள்ளை'யாகச் சாட்டையைச் சுழற்றுகிறவருக்கு வயது 48. எம்.ஜி.ஆரைக் கிண்டல் செய்யவில்லை நான். அந்தச் சாட்டையின் வீச்சில் அடிமைப்பட்ட சனங்கள் கண்ட சந்தோஷம் பொய்யில்லை. என் அப்பா அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. நான் சொல்வது வேறு. இளைஞனின் கோபத்தை இளைஞனிடமிருந்து வாங்கி ஒரு நட்சத்திர உடலில் டெபாசிட் செய்துகொண்ட கணம் அது. வட்டி 1967இல் வந்தது. மாணவன் என்கிற பாத்திரமோ, சண்டைக்குப் பிறகும் சட்டை கசங்காமல், பூங்காவில் பாடிக்கொண்டிருந்தான்.

தணிக்கை இருந்தது, துப்பாக்கிச் சூட்டை யார் படமாக்க விட்டிருப்பார்கள் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயம்தான். ஜப்பானிலும் ஒன்றும் பால் வார்க்கவில்லை. 1960 அக்டோபரில் ஒஷிமாவின் 'ஜப்பானில் இரவும் மூடுபனியும்' திரையிட்ட சில நாட்களிலேயே ஷோசிகு அதைத் திரும்பப் பெற்றது. சோசலிஸ்ட் தலைவர் அசனுமா மேடையிலேயே ஒரு 17 வயதுப் பையனால் குத்திக் கொல்லப்பட்டிருந்த நேரம். ஒஷிமா நிறுவனத்தைவிட்டே வெளியேறினார். பறிப்பதற்கு அங்கே ஒரு படம் இருந்தது. இங்கே பறிக்க எதுவுமே எடுக்கப்படவில்லை.

தமிழில் கோபக்கார இளைஞன் மறுபடி வருவதற்கு 1980 தீபாவளி ஆகிவிட்டது. 'வறுமையின் நிறம் சிவப்பு', 'நிழல்கள்' இரண்டும் அன்றுதான் வந்தன. பாரதிராஜா கிராமத்தைவிட்டு நகரத்து வேலையில்லாப் பட்டதாரிகளிடம் வந்த படம் 'நிழல்கள்', ஓடவில்லை. பாட்டு மட்டும் மிஞ்சியது. பாலச்சந்தரின் படம் ஓடியது. ரங்கன் பாரதியைச் சொல்லிச் சொல்லிப் பசியைத் தாங்குகிறான். எங்கே? டெல்லியில்! இந்திக்கு எதிராக உயிர்கள் போய்ப் பதினைந்து வருடம் கழித்து, தமிழ் இளைஞன் வேலை கேட்டு இந்தி நகரத்துத் தெருவில் அலைகிறான். இதிலிருக்கிற குரூரத்தைப் படம் தொடவே இல்லை. 1965 என்று ஒரு வருடம் இருந்ததாகவே அந்தக் கதையாடலுக்குத் தெரியாது. கோபம் தனியாளின் மானமாகச் சுருங்கிப்போயிற்று.

முடிவுதான் இன்னும் மோசம். சங்கீத வித்வானின் மகன் ரங்கன் முடிதிருத்தும் கடையில் கத்தரியோடு நிற்கிறான். அப்பா வந்து பார்க்கிறார். உழைப்பில் கேவலம் இல்லை என்று நாம் கண்கலங்க வேண்டும். சரி, கலங்குவோம். ஆனால் அதே கடையில் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கத்தரி பிடிக்கிறவனின் மகன் இந்தக் காட்சியை எப்படி வாசிப்பான்? அவனுடைய அன்றாடம் இங்கே இன்னொருவனின் தியாகமாகக் கட்டமைக்கப்படுகிறது. ரங்கன் இறங்கி வந்ததால் அது புனிதம். இவன் அங்கேயே பிறந்ததால் அதற்குப் பெயர் சாதி. கலகக்காரனை 'நல்லவனாக' ஆக்கும் வேலைக்கு யாருடைய வாழ்க்கை கச்சாப்பொருளாகிறது என்பதை இதைவிடத் துலக்கமாக ஒரு படம் காட்டிவிட முடியாது.

'பாலைவனச் சோலை' (1981), 'சத்யா' (1988) பற்றியும் நிறையச் சொல்லலாம். முன்னதில் வெட்டிப் பையன்களைத் திருத்துவதற்கென்றே ஒரு பெண் நோயாளியாக வந்து சேர்கிறாள். பின்னதோ இந்தியிலிருந்து இறக்குமதியான கோபம். போகட்டும்.

ஒஷிமாவைக் கும்பிடச் சொல்லவில்லை. மகோட்டோ மீதான வன்முறையை அவர் கேமரா கண்டிக்கிறதா, ரசிக்கிறதா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. ஒரு தோழி இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆணின் விரக்திக்குப் பெண்ணுடல் களமாவது டோக்கியோவிலும் கோடம்பாக்கத்திலும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் படம் தன் இளைஞர்களைத் தியாகியாகவும் ஆக்கவில்லை, நாயகனாகவும் ஆக்கவில்லை. சாவுக்குப் பிறகு அவர்கள் கழுத்தில் மாலை போட எந்தக் கட்சியாலும் முடியாது. நம்மிடமோ இந்த இரண்டு அச்சுகளைத் தவிர மூன்றாவது இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கே உறுத்துகிறது. ஆறாம் வகுப்பில் சின்னசாமியைப் பற்றிப் பேசி மேடையில் பரிசு வாங்கியவன் நான். தீயை எப்படியெல்லாம் வர்ணித்தேன்! கைதட்டினார்கள். அந்த 27 வயது மனிதன் முந்தின நாள் யாரோடு சண்டை போட்டான், எதற்குப் பயந்தான், யாரிடம் கடன் வாங்கியிருந்தான் என்று கேட்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை, பேச்சு எழுதித் தந்த ஆசிரியருக்கும் தோன்றவில்லை. ஜனவரி 25 வந்தால் அவர் படத்துக்கு மாலை விழுகிறது. படம் அதிலேயே மூடிப்போகிறது. ஒரு சாவை அழகாக்கியதில் என் பங்கும் இருக்கிறது; தமிழ் எம்.ஏ.வில் அதற்கான சொற்களை இன்னும் கூர் தீட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அதே கூடத்தில் 'ஜப்பானில் இரவும் மூடுபனியும்' போட்டேன். படம் முழுக்க ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பழைய தலைமுறைப் போராளி, மணப்பெண் 1960 மாணவி. போலீஸ் தேடுகிற ஒரு மாணவன் அழையாமல் உள்ளே நுழைந்து, போராட்டத்தில் காணாமல் போனவன் எங்கே என்று கேட்கிறான். ஒருவர்பின் ஒருவராகப் பழைய கணக்குகளை எடுக்கிறார்கள்: உளவாளி என்று சந்தேகித்த விவகாரத்தில் மனமுடைந்து தற்கொலை செய்துகொண்ட மாணவன், வாயை மூடிக்கொண்ட தலைமை. ஐம்பதுக்கும் குறைவான ஷாட்களில் எடுத்த படம். கேமரா முகம் முகமாக ஊர்ந்து போய், யாரையும் தப்பவிடாமல் நிறுத்தி வைக்கிறது. கடைசியில் கேள்வி கேட்டவனைப் போலீஸ் பிடித்துப் போகிறது. கட்சித் தலைவர் விடாமல் சொற்பொழிவாற்றிக்கொண்டே இருக்கிறார். மற்றவர்கள் மூடுபனியில் நிற்கிறார்கள்.

நம் சுயமரியாதைக் கல்யாண மேடைகள் ஞாபகத்துக்கு வந்தன. மைக், மாலை, தலைமையுரை, வாழ்த்துரை. அரசியல் பேசுவதற்கென்றே நாம் கண்டுபிடித்த கல்யாணம் அது. அங்கே யாராவது எழுந்து, அறுபத்தைந்தில் உங்களோடு ஊர்வலம் வந்தவன் பிற்பாடு என்ன ஆனான் என்று கேட்டிருக்கிறார்களா?

இதைத் தம்பிகளிடம் சொன்னேன். பாலிடெக்னிக்காரன் ஒன்றும் பேசவில்லை. லாரிக்காரத் தம்பிதான் சிரித்தான். "எங்க மாமா ஒருத்தரு அந்த மாதிரிக் கேட்டாருண்ணே, அவரு அக்கா மவ கல்யாணத்துல. மைக்க ஆஃப் பண்ணிட்டு நாதஸ்வரத்த வாசிக்கச் சொல்லிட்டாங்க." மாமா என்ன கேட்டார் என்றேன். அவனுக்கு ஞாபகமில்லை. அப்போது அவன் சின்னப் பையன், பந்தியில் இருந்தானாம். விசாரித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.